பகுதிநேர ஊழியரும் தொழிற்சங்கச் சந்தா கட்ட வேண்டுமா?

2024 ஜூன் 2 (கேள்வி)

வாரத்துக்கு இருபது மணிநேரம் மட்டுமே வேலை செய்கிறேன். முழுநேர ஊழியர் கட்டும் அதே சந்தாவை என் சம்பளத்திலும் பிடித்துக்கொள்ள ஒப்புதல் கேட்டுப் படிவம் தந்திருக்கிறார்கள். சங்கம் போட்ட ஒப்பந்தத்தில் எனக்குக் கிடைத்தது மணிக்கூலி உயர்வு மட்டுமே. போனஸ், மருத்துவக் காப்பீடு, பணிமூப்பு ஆகிய எதுவும் பகுதிநேரத்தவருக்கு இல்லை. ஆகவே பகுதிநேர ஊழியர் சந்தா கட்ட வேண்டியதில்லை என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தைச் சொல்லுங்கள்.

ஜூன் 2, இரவு

மறுக்கிறேன். கட்டத்தான் வேண்டும், முழுத்தொகையையே கட்ட வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தாவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே அதற்கான செலவு தொடங்கிவிடுகிறது. வழக்கறிஞர் கட்டணம், பயணப்படி, சுற்றறிக்கையின் அச்சுக்கூலி, விடுப்பெடுத்துக்கொண்டு பேச்சுவார்த்தைக்குப் போகிறவரின் சம்பள இழப்பு என்று அது நீளும். உறுப்பினர் எத்தனை மணிநேரம் வேலை செய்கிறார் என்று பார்த்து இவற்றில் எதுவும் குறைவதில்லை. மணிக்கூலி உயர்ந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த உயர்வை யாரோ உட்கார்ந்து பேசித்தான் வாங்கியிருக்கிறார்கள்.

நான் பார்சல் பிரிக்கும் கூடம் ஒன்றில் மூன்று ஆண்டுகள் பகுதிநேரமாகவும், பிறகு நெடுங்காலம் முழுநேரமாகவும் வேலை செய்தவன். அதில் ஆறு ஆண்டுகள் சங்கத்தின் கிளைப் பொருளாளராக இருந்து சந்தா வசூலித்திருக்கிறேன். சந்தாவைக் கொடுக்கும் கையாகவும் வாங்கும் கையாகவும் இருந்த அனுபவத்தில் இதைச் சொல்கிறேன்.

ஜூன் 3

நேற்று எழுதியதில் "முழுத்தொகை" என்பதைத் திரும்பப் பெறுகிறேன். கேள்வி மனத்தை விட்டு அகலாததால், காலையில் பழைய சம்பளச் சீட்டுகளை எடுத்து வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

நான் பகுதிநேரமாக இருந்தபோது எங்கள் கிளையில் மாதச் சந்தா இரண்டு மணிநேர ஊதியம். அவரவர் மணிக்கூலியைப் பொறுத்துத் தொகை மாறும் என்பதால் அதை நியாயமான அளவுகோல் என்றே நெடுங்காலம் நம்பியிருந்தேன். வாரத்துக்கு 48 மணிநேரம் வேலை செய்பவருக்கு மாதத்தில் சராசரியாக 208 மணிநேரம் வரும். அதில் இரண்டு மணிநேரம் என்பது வருமானத்தில் ஒரு விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. வாரத்துக்கு 20 மணிநேரம் வேலை செய்பவருக்கு மாதத்தில் ஏறத்தாழ 87 மணிநேரந்தான். அதில் இரண்டு மணிநேரம் என்பது 2.3 விழுக்காடு. இருவரும் பார்சல் நகரும் ஒரே பெல்ட்டின் முன்னால் நின்று ஒரே மணிக்கூலி வாங்குகிறவர்கள். ஆனால் வருமானம் குறைந்தவர் தன் வருமானத்தில் இரு மடங்குக்கும் மேலான பங்கைக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார். ஆறு ஆண்டுகள் அந்தப் பேரேட்டை எழுதியவன் நான். ஒருமுறைகூட இந்த வகுத்தலைச் செய்து பார்க்கவில்லை என்பது இன்று உறுத்துகிறது.

இந்தச் சிக்கல் எங்கள் கிளையோடு நிற்கவில்லை. அமெரிக்காவின் டீம்ஸ்டர்ஸ் சங்கத்தில் 2002 முதல் பொதுவான மாதச் சந்தா இரண்டரை மணிநேர ஊதியம். வாரத்துக்கு 40 மணிநேரம் வேலை செய்பவருக்கு அது ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு. 20 மணிநேரம் வேலை செய்பவருக்கு மூன்று விழுக்காட்டை நெருங்கிவிடும். ஜெர்மனியின் வெர்டி, ஐஜி மெட்டல் ஆகிய பெரிய சங்கங்கள் மொத்த மாத ஊதியத்தில் ஒரு விழுக்காடு என்று வைத்திருப்பதால் அங்கே இந்தக் கோணல் எழுவதேயில்லை. பிரிட்டனின் யூனிசன் சங்கம் வருமானத்தைப் படிகளாகப் பிரித்து ஒவ்வொரு படிக்கும் ஒரு தொகை வைத்திருக்கிறது.

வசதிக்கேற்பச் சந்தா என்ற கருத்து சட்டத்துக்கும் அந்நியமில்லை. இந்தியாவின் 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம், 2001ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தபட்ச ஆண்டுச் சந்தாவை மூன்று படிகளாக வைத்திருந்தது: கிராமப்புறத் தொழிலாளிக்கு 1 ரூபாய், அமைப்புசாராத் தொழிலாளிக்கு 3 ரூபாய், ஏனையோருக்கு 12 ரூபாய். தொகைகள் பெயரளவுக்கானவைதாம். ஆனாலும் எல்லோரும் ஒரே தொகை கட்டினால்தான் சமம் என்ற வாதத்தை அந்தப் பிரிவே மறுத்துவிட்டது.

எனவே என் திருத்திய நிலை இது. கட்ட வேண்டும், வாங்கும் ஊதியத்தின் விகிதத்தில் கட்ட வேண்டும்.

ஜூன் 5

கட்டாவிட்டாலும் ஒப்பந்தம் தனக்குப் பொருந்தத்தானே செய்யும், பிறகு எதற்குக் கட்ட வேண்டும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பொருந்தும் என்பதால்தான் கட்ட வேண்டும் என்கிறேன்.

இந்த இடத்தில் கனடாவில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். 1945இல் வின்ட்சர் நகரில் ஃபோர்டு தொழிலாளர்கள் 99 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கத்தின் பாதுகாப்பு, அதாவது யார் உறுப்பினராக வேண்டும், யார் சந்தா கட்ட வேண்டும் என்பதுதான் பிணக்கின் மையம். நடுவராக வந்த நீதிபதி ஐவன் ராண்ட் 1946 ஜனவரியில் தீர்ப்பளித்தார். சங்கத்தில் சேரும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. ஆனால் ஒப்பந்தத்தின் பயனைப் பெறும் ஒவ்வொருவரின் ஊதியத்திலிருந்தும் சந்தாவைப் பிடிக்க வேண்டும் என்றார். அதற்கு ஈடாக, ஒப்பந்தக் காலத்தில் அனுமதியற்ற வேலைநிறுத்தம் நடக்காமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைச் சங்கத்தின் மீது சுமத்தினார். ராண்ட் வாய்பாடு என்று அதற்குப் பெயரே நிலைத்துவிட்டது.

அந்தத் தீர்ப்பில் என்னைக் கவர்வது பணம் பிடிக்கும் பகுதியைவிட, சங்கத்தின் மீது பொறுப்பை ஏற்றிய பகுதிதான். வாங்குகிறவருக்கும் கடமை உண்டு என்று அது சொல்லிவிடுகிறது.

ஜூன் 5, இரவு

மேலே எழுதியது ஏட்டுச் சுரைக்காயாகத் தோன்றலாம் என்பதால், கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்.

நான் பகுதிநேரமாகச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், மாலை ஷிப்டில் என்னோடு நின்ற ஒருவரின் வலது கை சுட்டுவிரல் பெல்ட்டுக்கும் உருளைக்கும் இடையில் சிக்கியது. பெல்ட்டை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் அவருக்கு எட்டாத பக்கத்தில் இருந்தது. நான் ஓடிப்போய் அழுத்தியபோது கையுறையின் நுனி உருளையோடு சேர்ந்து சுற்றிக்கொண்டிருந்தது. நகத்தோடு விரலின் முதல் கணுவில் பாதி போய்விட்டது. காயத்துக்கான ஊதிய விடுப்பு முழுநேர ஊழியருக்கு மட்டுமே உண்டு என்று நிர்வாகம் எழுதிக் கொடுத்ததோடு நிற்கவில்லை. பாதுகாப்பு விதியை மீறியதாக அவருக்கே குற்றச்சாட்டுக் குறிப்பாணையும் கொடுத்தது.

அவர் சங்க உறுப்பினர் இல்லை. வீட்டுக்கு ஒவ்வொரு காசும் தேவைப்படுகிறது என்று சொல்லிச் சந்தாப் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தவர். ஆனாலும் கிளைச் செயலாளர் உள்விசாரணையின் மூன்று அமர்வுகளுக்கும் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பொத்தான் எந்தப் பக்கம் இருந்தது, எத்தனை அடி தள்ளி இருந்தது என்று அளந்து படம் வரைந்துகொண்டு வந்து காட்டினார். குறிப்பாணை திரும்பப் பெறப்பட்டது. ஒரு மாத ஊதியமும் வந்தது. அந்த மூன்று நாட்களுக்கும் செயலாளருக்குச் சம்பளம் இல்லை. அதை ஈடுகட்டியது சங்க நிதி. அந்த நிதியில் அவருடைய பணம் ஒரு காசும் இல்லை. என் பணம் இருந்தது. அதற்காக அவர் மீது எனக்கு அன்றும் வருத்தமில்லை, இன்றும் இல்லை. ஆனால் எல்லோரும் அவரைப் போலவே படிவத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தால் அந்த மூன்று நாட்களுக்கு யார் வந்திருப்பார் என்ற கேள்வி அன்றிலிருந்து என்னோடு இருக்கிறது.

ஜூன் 8

கட்ட வேண்டும் என்று நான் சொல்வதைக் கட்டாயப்படுத்த வேண்டும் என்று சிலர் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டும் வேறு. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்தில்லாமல் ஊதியத்தில் கைவைப்பதை நான் ஏற்பதில்லை. இந்தியாவின் 1936ஆம் ஆண்டு ஊதியம் வழங்கல் சட்டமும் ஊழியரின் எழுத்துபூர்வமான ஒப்புதல் இருந்தால்தான் சங்கச் சந்தாவைப் பிடிக்கலாம் என்றது.

பகுதிநேரத்தவரும் குறுகியகால ஊழியரும் கட்டாயச் சந்தாவால் எப்படி நசுங்குகிறார்கள் என்பதற்கு டென்மார்க் வழக்கு ஒன்றே போதும். 1996இல் ஓர் இளைஞர் விடுமுறைக்கால மாற்று ஊழியராகச் சில வாரங்களுக்கு வேலையில் சேர்ந்தார். குறிப்பிட்ட சங்கத்தில் சேர்வது வேலையின் நிபந்தனையாக இருந்தது. மாற்று ஊழியர் என்பதால் அந்தச் சங்கத்தில் தனக்கு முழு உறுப்புரிமை கிடைக்காது என்று அறிந்ததும், சந்தா கட்ட விரும்பவில்லை என்று அவர் தெரிவித்தார். வேலை போயிற்று. வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய், 2006 ஜனவரியில், சோரன்சன், ராஸ்முசன் வழக்கு என்ற பெயரில் அவருக்குச் சாதகமாக முடிந்தது. அதே ஆண்டில் டென்மார்க் தன் சட்டத்தையும் மாற்றிக்கொண்டது.

அந்தத் தீர்ப்பு சங்கத்தில் சேராமல் இருக்கும் உரிமையைப் பற்றியது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அந்த இளைஞர் முதலில் சொன்ன காரணம். முழு உறுப்புரிமை தராத இடத்தில் முழுச் சந்தா ஏன் என்றுதான் அவர் கேட்டார். இங்கே கேள்வி கேட்டவரும் ஏறத்தாழ அதைத்தான் கேட்கிறார். இதை நான் முதல் நாளே கவனித்திருக்க வேண்டும்.

ஜூன் 9

அமெரிக்காவில் இது எப்படி என்று கேட்டவருக்கு: அரசு ஊழியர் விஷயத்தில், உறுப்பினர் அல்லாதவரிடமும் பேச்சுவார்த்தைச் செலவுக்கான பங்கை வாங்கலாம் என்று 1977இல் அபூட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2018இல் ஜேனஸ் வழக்கில் அதே நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், அப்படி வாங்கக் கூடாது என்று அதை மாற்றிவிட்டது. தனியார் துறைக்கு வேறு சட்டம். அங்கே மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

ஜூன் 14

ஒரு வாரமாக இதை எழுதத் தயங்கினேன். நான் பெரிதும் மதித்த மனிதர்கள் தொடர்பானது என்பதே காரணம். ஆனால் இதைச் சொல்லாமல் "கட்டுங்கள்" என்று மட்டும் சொல்வது நேர்மையாக இருக்காது.

நான் பகுதிநேரமாக இருந்த மூன்று ஆண்டுகளிலும் மாதம் தவறாமல் என் சம்பளச் சீட்டில் சந்தா பிடித்தம் இருந்தது. அந்த மூன்று ஆண்டுகளில் ஒரு பொதுக்குழுக் கூட்டத்திலும் நான் கலந்துகொண்டதில்லை. கூட்டம் எப்போதும் மாலை ஆறு மணிக்கு. பகல் ஷிப்ட் முடிந்து, கைகால் கழுவி, தேநீர் குடித்துவிட்டு வர அது தோதான நேரம். எங்கள் ஷிப்ட் ஐந்தரைக்குத் தொடங்கும். கூட்டம் நடந்த அறை எங்கள் கூடத்துக்கு நேர் மேலே இருந்தது. பெல்ட் நிற்கும் இடைவேளையில் மேலே நாற்காலிகள் நகரும் சத்தமும் கைதட்டலும் கேட்கும். எதற்குக் கைதட்டினார்கள் என்பதை மறுநாள் அறிவிப்புப் பலகையில் படித்துத் தெரிந்துகொள்வோம்.

அப்படி ஒரு மறுநாளில்தான் மாலை ஷிப்டுக்கான சிறப்புப்படி நீக்கப்பட்டதைப் படித்தோம். முழுநேர ஊழியரின் ஆண்டு ஊதிய உயர்வைச் சற்றுக் கூட்டித் தருவதற்கு நிர்வாகம் அந்தப் படியை ஈடாகக் கேட்டிருக்கிறது. பேச்சுவார்த்தைக் குழு ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்தப் படியை வாங்கியவர்களில் பெரும்பாலோர் பகுதிநேரத்தவர். குழுவில் எங்களில் ஒருவரும் இல்லை. யாரும் வஞ்சகமாகச் செய்ததாக நான் நினைக்கவில்லை. அறையில் இல்லாதவருடையதை விட்டுக்கொடுப்பது யாருக்கும் எளிது, அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்த மாதச் சீட்டில், படி நீங்கிய வரிக்கு இரண்டு வரி கீழே, சந்தா வழக்கம்போல் பிடிக்கப்பட்டிருந்தது. அந்தச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன். ஜூன் 3 அன்று கணக்குப் போட எடுத்ததும் அதைத்தான்.

என் கூட்டாளிகள் நால்வர் அந்த வாரமே பிடித்தத்தை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்தார்கள். நான் கொடுக்கவில்லை. விரல் போனவரின் விசாரணை எனக்கு நினைவிலிருந்தது. அதோடு, வெளியேறிவிட்டால் அடுத்த முறை அந்த அறைக்குள் போவதற்கான வழியையே இழந்துவிடுவேன் என்றும் தோன்றியது. நால்வர் செய்ததைத் தவறென்று என்னால் சொல்ல முடியாது.

ஜூன் 15

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு, சங்கம் என்றாலே முழுநேரத்தவரின் சங்கந்தான், பகுதிநேரத்தவருக்கு அதில் என்றும் இடமில்லை என்று முடிவுகட்டிவிட வேண்டாம்.

1997 ஆகஸ்டில் அமெரிக்காவில் யூபிஎஸ் பார்சல் நிறுவனத்தில் 1,85,000 பேர் பதினைந்து நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பகுதிநேர ஊழியர். டீம்ஸ்டர்ஸ் சங்கம் பகுதிநேர வேலைகள் பெருகுவதையே போராட்டத்தின் முகப்பில் வைத்தது. முழுநேர ஓட்டுநர்களும் பெட்டிகளை ஏற்றி இறக்கும் பகுதிநேரத்தவரும் ஒரே வாசலில் நின்றார்கள். பகுதிநேர வேலைகளை இணைத்து 10,000 முழுநேர வேலைகள் உருவாக்குவதாக நிறுவனம் ஒப்புக்கொண்டபிறகுதான் போராட்டம் முடிந்தது. 2023 ஒப்பந்தத்திலும் பகுதிநேரத்தவரின் அடிப்படை ஊதியம் மணிக்கு 21 டாலருக்குக் குறையக் கூடாது என்பது முக்கிய அம்சமாக இருந்தது.

சந்தாவைப் பற்றிய இந்தப் பேச்சில் அந்தப் போராட்டம் இன்னொரு விதத்திலும் பொருந்துகிறது. அப்போது டீம்ஸ்டர்ஸ் சங்கத்தின் வேலைநிறுத்த நிதி வற்றிப்போயிருந்தது. நிவாரணத் தொகை கொடுக்க அமெரிக்கச் சங்கங்களின் கூட்டமைப்பான ஏஎஃப்எல்-சிஐஓ கடன் தர முன்வர வேண்டியிருந்தது. ஊதியமில்லாத இரண்டாவது வாரத்தில் அடுப்பெரிவது முன்பே சேர்த்து வைத்த சந்தாவால்தான். கையிருப்பு எவ்வளவு என்பது எதிர்த்தரப்புக்கும் தெரியும்.

ஜப்பானில் நடந்தது வேறு வழி. சில்லறை விற்பனைத் துறையில் பகுதிநேரத்தவர் பெருகப் பெருக, முழுநேரத்தவர் மட்டுமே கொண்ட சங்கங்கள் பணியிடத்தில் பெரும்பான்மையை இழக்கும் நிலை வந்தது. அங்கே மிகைநேர வேலைக்கான உடன்பாட்டைப் பெரும்பான்மையோரைக் கொண்ட சங்கத்தோடு, அப்படி ஒன்று இல்லாவிட்டால் பெரும்பான்மையோரின் பிரதிநிதியோடு, நிர்வாகம் செய்துகொள்ள வேண்டும். பெரும்பான்மை போனால் அந்தப் பிடியும் போய்விடும். சங்கங்கள் பகுதிநேரத்தவரைத் தேடிப்போய்ச் சேர்த்தன. 2012இல் உருவான யுஏ சென்சென் என்ற தொழிற்சங்கக் கூட்டமைப்பில் இன்று பாதிக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் குறுகியநேர ஊழியர்கள். அன்பினால் சேர்த்தார்களோ தேவையினால் சேர்த்தார்களோ, தலையெண்ணிக்கை மாறினால் அறைக்குள் பேசப்படுவதும் மாறும் என்பதே எனக்கு அதில் முக்கியம்.

ஜூன் 21

முழுநேர ஊழியர் ஒருவர் எழுதியிருப்பது: "பாதிச் சந்தா கட்டுகிறவருக்குப் பாதி வாக்குதான் நியாயம்." இதே சொற்களை நான் ஒரு பொதுக்குழுவில் கேட்டிருக்கிறேன்.

பொருளாளரான மூன்றாம் ஆண்டில், பகுதிநேரத்தவருக்குச் சந்தாவை ஒரு மணிநேர ஊதியமாகக் குறைக்க வேண்டும் என்று நான் ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். விழுக்காட்டுக் கணக்குப் போட்டு வந்த தீர்மானமன்று. மாலை ஷிப்டில் உறுப்பினர் எண்ணிக்கை சரிந்துகொண்டிருந்ததால் வந்தது. முதல் வரிசையிலிருந்து எழுந்த ஒருவர், சந்தா பாதியானால் வாக்கும் பாதியாகட்டும் என்றார். பலத்த கைதட்டல். அன்று எனக்கு உடனே பதில் வரவில்லை. ஒரு பெரியவர், ஓய்வுபெற நான்கு மாதங்களே இருந்தவர், எழுந்து கேட்டார்: "நான் சேர்ந்த புதிதில் என் சம்பளம் உங்கள் சம்பளத்தில் பாதி. அப்போது என் சந்தாவும் பாதிதான். என் வாக்கைப் பாதியாக எண்ணினீர்களா?" அதன்பிறகு அந்தப் பேச்சு எழவில்லை. மணிநேர ஊதியத்தில் சந்தாவைக் கணக்கிடும் எந்தச் சங்கத்திலும் புதியவரும் மூத்தவரும் வெவ்வேறு தொகைகளைத்தான் கட்டுகிறார்கள். வாக்கு ஒன்றாகத்தான் இருக்கிறது. தீர்மானம் சொற்ப வாக்குகளில் நிறைவேறியது.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1994இல் நிறைவேற்றிய 175ஆம் உடன்படிக்கை பகுதிநேர வேலைக்கென்றே அமைந்தது. சங்கம் அமைக்கும் உரிமை, கூட்டுப் பேரம் பேசும் உரிமை ஆகியவற்றோடு, தொழிலாளர் பிரதிநிதியாகச் செயல்படும் உரிமையிலும் பகுதிநேரத்தவருக்கு முழுநேரத்தவருக்கு இணையான பாதுகாப்பு வேண்டும் என்று அதன் நான்காம் பிரிவு கூறுகிறது. ஊதியம் போன்றவற்றை அதே உடன்படிக்கை விகிதக் கணக்கில் வைக்கிறது. இந்த உரிமைகளை விகிதக் கணக்கில் வைக்கவில்லை. பணம் மணிநேரத்தைப் பொறுத்தது, குரல் ஆளைப் பொறுத்தது என்ற என் எண்ணத்துக்கு இதைவிட நல்ல துணை எனக்குக் கிடைக்கவில்லை.

ஜூன் 22

நேற்றைய குறிப்பில் ஓர் ஓட்டை இருக்கிறது என்று இரவில் தோன்றியது. முதல் நாள் நானே எழுதியதுபோல், பகுதிநேரத்தவருக்காகச் சங்கம் செய்யும் செலவு பாதியாவதில்லை. விரல் போனவரின் விசாரணை மூன்று நாட்களை எடுத்தது. முழுநேரத்தவராக இருந்தாலும் அதே மூன்று நாட்கள்தான். கூடவே, பகுதிநேரத்தவரிடம் ஆள் மாற்றம் அதிகம் என்பதால் படிவம், பதிவேடு, அட்டை என்று எழுத்துவேலையும் கூடும். பொருளாளராக நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். செலவை வைத்துப் பார்த்தால் விகிதச் சந்தாவுக்கு நியாயம் இல்லை.

ஆனால் சந்தா என்பது செய்த வேலைக்கான கூலியாக இருந்தால்தான் அந்தக் கணக்குச் செல்லும். முப்பது ஆண்டுகள் கட்டிவிட்டு ஒருமுறைகூட விசாரணையைச் சந்திக்காமல் ஓய்வுபெற்றவர்களை எனக்குத் தெரியும். சேர்ந்த ஆறாவது மாதத்திலேயே சங்கத்தின் ஓராண்டு வழக்குச் செலவை விழுங்கியவரையும் தெரியும். இருவரிடமும் ஒரே விகிதத்தில்தான் வாங்கினோம். முடிந்தவர் முடிந்த அளவு போட்டு, தேவைப்படுகிறவர் தேவையான அளவு எடுத்துக்கொள்ளும் பொதுப்பானை அது. எனவே விகிதச் சந்தா என்ற நிலையில் உறுதியாக நிற்கிறேன். அதனால் முழுநேரத்தவர் மீது சற்றுக் கூடுதல் சுமை விழும் என்பதை மறைக்க விரும்பவில்லை. முழுநேர வேலையைப் பகுதிநேர வேலைகளாக உடைக்க நிர்வாகத்துக்கு இருக்கும் ஆசை, பகுதிநேரத்தவர் மலிவாகவும் பாதுகாப்பின்றியும் இருக்கும்வரைதான் நீடிக்கும். அந்தக் கூடுதல் சுமை முழுநேரத்தவர் தம் வேலைக்கே போடும் வேலி.

ஜூன் 30

விடுபட்ட இரண்டைச் சேர்க்கிறேன். இரண்டு இடங்களில் பகுதிநேர வேலை பார்ப்பவர் இரண்டு சங்கங்களுக்குக் கட்ட வேண்டியிருக்கும். விழுக்காட்டுச் சந்தாவாக இருந்தால் மொத்த வருமானத்தில் அதே விழுக்காடுதான் போகும். நிலையான தொகையாக இருந்தால் இரட்டைச் சுமை. விழுக்காட்டு முறைக்கு இது இன்னொரு காரணம்.

சில வாரங்களே இருக்கப்போகிறவரிடம் முதல் மூன்று மாதங்களுக்குச் சந்தா வாங்க வேண்டாம் என்று முன்பு எண்ணியிருந்தேன். இப்போது அதில் எனக்குத் தயக்கம். காரணம் சொல்லாமல் வெளியே அனுப்பப்படுவது பெரும்பாலும் அந்த மூன்று மாதங்களில்தான். சந்தா வாங்காதபோது உறுப்பினர் இல்லை என்று சொல்லிக் கைகழுவுவதும் எளிதாகிவிடும். பெயரளவுக்காவது ஒரு தொகையை வாங்கிக்கொண்டு, ரசீதும் உறுப்பினர் அட்டையும் முதல் நாளே கொடுத்துவிடுவது நல்லது.

ஜூலை 6

கேள்வி கேட்டவர் தம் சங்கத்தின் விதிநூலைப் பார்த்துவிட்டு வந்து எழுதியிருக்கிறார். பகுதிநேரத்தவர் உறுப்பினராகலாம், வாக்களிக்கலாம். ஆனால் செயற்குழுவுக்கு நிற்க "ஓராண்டு முழுநேரப் பணி" வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறதாம். திருத்தத் தீர்மானத்தைப் பொதுக்குழுவுக்குப் பதினைந்து நாட்களுக்கு முன்பு, உறுப்பினர் இருவர் கையெழுத்துடன் எழுத்தில் தர வேண்டுமாம். பொதுக்குழு ஆகஸ்டு 10ஆம் தேதி.

அப்படியானால் ஜூலை 26க்குள் கொடுத்துவிட வேண்டும். உறுப்பினராக இருந்தால்தான் கையெழுத்திட முடியும் என்பதால் ஒப்புதல் படிவத்தை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். நகலில் பெற்றுக்கொண்டதாகத் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். தீர்மானத்தில் மூன்று வரி போதும். "முழுநேரப் பணி" என்பதில் "முழுநேர" என்ற சொல்லை நீக்குவது ஒன்று. சந்தாவை ஊதியத்தின் விழுக்காடாக மாற்றுவது மற்றொன்று. மூன்றாவது, கூட்டத்தை ஒரே நாளில் இருமுறை, பகல் ஷிப்டுக்குப் பிறகும் மாலை ஷிப்டுக்குப் பிறகும் நடத்துவது. எங்கள் கிளையில் கடைசியாக நிறைவேறியதும் இந்த மூன்றாவதுதான். இரவு ஒன்பதே முக்காலுக்கு நடந்த முதல் கூட்டத்துக்கு முப்பத்தொரு பேர் வந்தார்கள். வருகைப் பதிவேட்டில் அதுவரை இல்லாத இருபத்தாறு பெயர்கள். இரண்டாவது கையெழுத்தை முழுநேர ஊழியர் ஒருவரிடம் வாங்குங்கள். பணிமூப்பு உள்ளவராக, அவசரமாகப் பேசாதவராக இருந்தால் நல்லது. வரைவு தயாரானதும் காட்டுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.